படம் ஏன் ஓடவில்லை?



வீட்டிலே ஒரு படத்தைப் போட்டுப் பார்க்க உட்காருகிறோம். விளக்கை அணைத்தாயிற்று, குடும்பத்தார் எல்லாரும் கூடிவிட்டார்கள். ரிமோட்டை அழுத்தினால், படத்துக்குப் பதிலாகத் திரையில் ஒற்றை வரி ஒன்று தோன்றுகிறது: 'இக்கோப்பை இயக்க இயலவில்லை.' யாருக்கு இயலவில்லை, எதனால் இயலவில்லை, இனி என்ன செய்வது என்று அந்த வரி ஒன்றும் சொல்வதில்லை. அதை எப்படிப் படித்துப் பொருள் கொள்வது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் பொறியாளன் அல்லன்; முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவன். ஆனாலும் இவ்விஷயத்தில் ஒருநாள் நன்றாக அகப்பட்டுக்கொண்டேன். அகப்பட்டுக்கொண்டவன் சொல்வதிலும் பயன் உண்டல்லவா?

2023ஆம் ஆண்டு ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் பதினைந்து பேர் ஐந்தருவிப் பக்கம் ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, என்னையும் அழைத்திருந்தார்கள். அருவியில் நீராடுவது ஒரு காரணம். மற்றொரு காரணம், எங்கள் கணித ஆசிரியர். அவர் அதற்கு முந்திய மார்கழியில் காலமாகிவிட்டார். 1997ஆம் ஆண்டு அவர் ஓய்வுபெற்றபோது நடந்த பாராட்டு விழாவை ஒரு ஸ்டூடியோக்காரர் வீடியோ நாடாவில் எடுத்திருந்தார். அவ்விழாவில் எங்கள் ஆசிரியர் நன்றியுரை சொல்ல எழுந்தவர், நாலு வார்த்தைக்கு மேல் நன்றி சொல்லத் தெரியாமல், கரும்பலகை கொண்டுவரச் செய்து, பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை எல்லாருக்கும் நிறுவிக் காட்டினார். மேடையில் இருந்த பெரியவர்கள் திகைத்துப் போனார்கள். அந்தக் காட்சியைத்தான் நாங்கள் பார்க்க விரும்பினோம்.

நாடாவிலிருந்து 2008இல் டி.வி.டி. தட்டுக்கு மாற்றியிருந்தார்கள், தட்டிலிருந்து 2019இல் ஒரு பென் டிரைவுக்கு மாற்றியிருந்தார்கள். இதற்கிடையில் நாடா பூசணம் பிடித்து ஒழிந்தது. தட்டு கீறல் விழுந்து படிக்க முடியாமற் போயிற்று. ஆக, அவர் குரல் இவ்வுலகில் தங்கியிருந்தது அந்தக் கட்டை விரல் அளவுப் பென் டிரைவ் ஒன்றில்தான். அவருடைய மகள் தென்காசியிலிருந்து அதைக் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். கூடவே பதினான்கு வயது மகனும் வந்தான்.

அவ்வீட்டுத் தொலைக்காட்சியோடு ஒரு சிறு மீடியா பிளேயர் இணைக்கப்பட்டிருந்தது. பையன் பென் டிரைவைச் செருகினான். உடனே திரையில் ஓர் அறிவிப்பு: 'இச்சாதனம் ஏற்புடையதன்று. பயன்படுத்த வேண்டுமானால் அமைத்துக்கொள்க.' கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். பையனுடைய கட்டைவிரல் அதன்மேல் போய்விட்டது. "தம்பி, கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். வகுப்பறையில்கூட நான் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை.

அந்த 'அமைத்துக்கொள்க' என்ற சொல் பணிவான சொல்லாக இருக்கிறதே தவிர, அதன் பொருள் 'உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு எனக்குத் தெரிந்த முறையில் புதிதாகக் கோடு போட்டுக்கொள்கிறேன்' என்பதாகும். கணினியிலும் இதே கேள்வி 'ஃபார்மட் செய்யலாமா?' என்று வரும். அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அவை முழுவதையும் மீட்கும் என்பதற்கு யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆகவே, இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுச் சாதனத்தைக் கழற்றிவிடுங்கள். மற்ற எந்தத் தவற்றையும் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

பையன் முகம் வாடிவிட்டது. "கோப்பு கெட்டுப்போச்சா, தாத்தா?" என்று கேட்டான். அவனை வாசலுக்கு அழைத்துச் சென்றேன். எதிரே மலை, மலையிலிருந்து இறங்கும் தண்ணீர். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் இன்றும் மறக்காதது, தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கு என்பது. "இங்கே விழுகிற தண்ணீர் சிற்றாறாகித் தென்காசி வழியாகப் போகிறது. வழியில் அணைக்கட்டு, கால்வாய், குளம், மடை எல்லாம் உண்டு. ஒருவன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. மலையில் மழையே இல்லை என்று அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவானா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையிலிருந்து மேல்நோக்கி நடந்து பார்ப்பான். எந்த இடம் வரைக்கும் தண்ணீர் இருக்கிறதோ, அதற்கு அடுத்த இடத்தில்தான் அடைப்பு" என்றேன்.

ஒரு வீடியோவும் இப்படிப் பல இடங்களைக் கடந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது. முதலில், அது தங்கியிருக்கும் சேமிப்புச் சாதனத்தைப் பிளேயர் படிக்க வேண்டும். பிறகு கோப்பைத் திறக்க வேண்டும். கோப்புக்குள் படமும் ஒலியும் தனித்தனியே சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றை விரிக்க வேண்டும். எழுத்துரை இருந்தால் அதைப் படிக்க வேண்டும். கடைசியாக எல்லாவற்றையும் ஒரே கதியில் திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் பென் டிரைவில் தண்ணீர் முதல் மடையிலேயே நின்றுவிட்டது. பிளேயர் கோப்பைப் பார்க்கவே இல்லை. பார்க்காத ஒன்றைக் கெட்டுவிட்டதென்று எப்படிச் சொல்வது?

சேமிப்புச் சாதனத்தைப் பள்ளி நூலகமாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்த நூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு உண்டு. அதை எழுதும் முறைகள் பல. ஃபாட் 32 என்பது பழைய முறை. ஏறக்குறைய எல்லாச் சாதனங்களும் அறிந்த முறை. ஆனால் அம்முறையில் ஒரு தனிக்கோப்பு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டுக்கு மேல் இருக்க முடியாது. கோப்பின் அளவை எழுத அதில் 32 இரும இலக்கங்களே ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டின் 32ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். வீட்டுக்குப் போய்க் கணக்கிட்டுப் பாருங்கள். எங்கள் விழாக் கோப்போ சுமார் 450 கோடி பைட். அது ஃபாட் 32இல் அடங்காததால், மாற்றிக் கொடுத்தவர் என்.டி.எஃப்.எஸ். என்னும் வேறு முறையில் பென் டிரைவை அமைத்திருந்தார். கணினிக்கு அது தெரியும். அந்த மீடியா பிளேயருக்குத் தெரியவில்லை. தெரியாத மொழியில் எழுதிய பதிவேட்டைக் கண்டவுடன், 'கிழித்துவிட்டு என் மொழியில் எழுதட்டுமா?' என்று அது கேட்டது.

ஒருவருடைய மடிக்கணினியில் செருகினோம். கோப்பு கண்ணில் பட்டது. நண்பர்கள் உடனே ஓட்டிப் பார்க்கத் துடித்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வேலை, படி எடுப்பது. மடிக்கணினியில் ஒன்று, வேறொருவரிடமிருந்த ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று இரண்டு படிகள் எடுத்து, அசல் பென் டிரைவை அந்த அம்மையாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதன்பிறகு செய்த சோதனையெல்லாம் படிகளின்மேல்தான்.

பெரிய திரையில் எல்லாரும் பார்க்க வேண்டுமே! எக்ஸ்ஃபாட் என்னும் முறையில் பெரிய கோப்புகளும் அடங்கும். பிளேயர்கள் பலவும் அதைப் படிக்கும். அம்முறையில் அமைத்த வேறொரு பென் டிரைவில் படியை ஏற்றிப் பிளேயரில் செருகினோம். படம் வந்தது! மேடை, மாலைகள், வாடகைக்கு வந்த இரும்பு நாற்காலிகள். எங்கள் ஆசிரியர் எழுந்தார்; வாயைத் திறந்தார். ஒலி மட்டும் இல்லை.

'ஒலி போய்விட்டது, பழைய நாடாதானே' என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. நான் மறுபடியும் மண்வெட்டியைத் தூக்க வேண்டியதாயிற்று.

இங்கே கோப்பின் உள்ளமைப்பைச் சற்று விளக்க வேண்டும். கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்.பி.4 என்றோ, எம்.கே.வி. என்றோ, ஏ.வி.ஐ. என்றோ ஒட்டு இருக்கும். இவை வெறும் பாத்திரத்தின் பெயர்கள். அடுக்குப் பாத்திரம் ஒன்றைக் காட்டி, 'உள்ளே என்ன இருக்கிறது?' என்று கேட்டால், 'எவர்சில்வர்' என்று விடை சொல்வதுண்டா? உள்ளே இருக்கும் பண்டங்கள் வேறு: படம் ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும், ஒலி இன்னொரு முறையில். சுருக்குவதும் விரிப்பதுமான அந்த முறைக்குக் கோடெக் என்று பெயர். பாத்திரத்தைத் திறக்கத் தெரிந்த பிளேயருக்கு உள்ளிருக்கும் ஒரு பண்டம் தெரியாமல் இருக்கலாம். 'என் டி.வி.யில் எம்.கே.வி. ஓடும், ஆனால் இந்த எம்.கே.வி. மட்டும் ஓடவில்லை' என்று வியக்கிறவர்களுக்கு விடை இதுதான்.

எங்கள் கோப்பின் படம், டி.வி.டி.க்களுக்குரிய எம்பெக் 2 முறையில் இருந்தது. பிளேயர் அதை விரித்துவிட்டது. ஒலியோ ஏ.சி.3 என்னும் டால்பி முறையில் இருந்தது. 1992இல் திரையரங்குகளுக்கு வந்து, பிறகு டி.வி.டி.க்களிலும் பரவிய முறை அது. டால்பி, டி.டி.எஸ். போன்ற ஒலிமுறைகளுக்கு உரிமம் பெற வேண்டியிருந்ததால், விலைமலிந்த பிளேயர்களிலும் சில செல்பேசிச் செயலிகளிலும் அவற்றைச் சேர்ப்பதில்லை. படம் ஓடி, ஒலி மட்டும் அடியோடு இல்லையென்றால் முதலில் ஐயுற வேண்டியது இதையே. அதற்குமுன் ஒலிபெருக்கியின் பொத்தானைப் பார்த்துவிடுங்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவில் ஒருமுறை அதற்கே அரைமணி நேரம் போயிற்று.

எப்படிச் சோதிப்பது? ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஊசற்குண்டின் எடை, நூலின் நீளம் இரண்டையும் ஒருங்கே மாற்றிவிட்டு, அலைவு நேரம் எதனால் மாறிற்று என்று சொல்ல முடியுமா? அதே பிளேயரில் வேறொரு கோப்பைப் போட்டோம், ஒலி வந்தது. ஆகவே ஒலிபெருக்கியும் கம்பியும் சரி. அதே கோப்பை மடிக்கணினியில் வி.எல்.சி. என்னும் மென்பொருளில் போட்டோம்.

வி.எல்.சி. பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ் புறநகரில் இருந்த பொறியியற் கல்லூரியான எக்கோல் சந்திராலின் மாணவர்கள், தங்கள் கல்லூரி வலையமைப்பில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக 1996இல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்தது அது. 2001இல் யாரும் எடுத்தாளவும் திருத்தவும் கூடிய உரிமத்தின்கீழ் உலகுக்கே கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், ஐயம் தீர்க்கும் நடுவராக அது பயன்படும். அதிலும் ஒரு கோப்பு ஓடவில்லையென்றால் அப்போதுதான் கோப்பின்மேல் பழி போட வேண்டும். அதில் 'கோடெக் விவரம்' என்றொரு பகுதி உண்டு. படமும் ஒலியும் எந்த முறையில் உள்ளன என்பதை அங்கே படித்துக்கொள்ளலாம்.

மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில், "எல்லாரும் ஒரு நிமிஷம் கரும்பலகையைப் பாருங்கோ" என்று அந்தக் குரல் கேட்டது. அறையில் இருந்த பதினைந்து பேரும், வேட்டியும் தலை நரையுமாக இருந்தவர்கள்கூட, தன்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பையன் என்னைப் பார்த்தான். அவன் அம்மா திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஒலியை மட்டும் ஏ.ஏ.சி. முறைக்கு மாற்றிப் புதுப் படி ஒன்று செய்தோம். படத்தைத் தொடவில்லை. இது முக்கியமானது. சுருக்கிய படத்தை விரித்து மீண்டும் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். நகலுக்கு நகல் எடுத்த வினாத்தாள் போல ஆகும். எந்தப் பண்டம் தெரியவில்லையோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

மாலையில் மற்றொரு வேடிக்கை நடந்தது. அன்று காலை ஒருவர் தம் செல்பேசியில் பேரருவியை நுட்பமான தரத்தில் எடுத்திருந்தார். அதைத் திரையில் போட்டார்கள். கடைவீதி, கூட்டம், குரங்கு எல்லாம் நன்றாக ஓடின. அருவி வந்ததும் படம் தத்தித் தத்தி நின்றது. மறுபடி கடைவீதி வந்ததும் ஓடிற்று. 'அருவிக்கே திருஷ்டி' என்று சிரித்தார்கள். இது திருஷ்டியன்று, கணக்கு.

1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம், விநாடிக்கு 25 படங்கள் என்றால், ஒரு விநாடிக்கு 15,55,20,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 56,000 கோடி பைட்! ஆனால் விநாடிக்கு 50 லட்சம் பிட் வீதத்தில் சுருக்கிய ஒரு மணி நேரக் கோப்பு 225 கோடி பைட்தான். ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் எங்கே போயிற்று?

இரண்டு வழிகளில் போயிற்று. முதலாவது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறாத பகுதியைத் திரும்ப எழுதுவதில்லை. பாறை அப்படியே இருக்கிறது என்றால், 'முன்போலவே' என்று குறித்தால் போதும். நகர்ந்தது எதுவோ அதற்கு மட்டும் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதுவார்கள். அவ்வப்போது ஒரு முழுப்படம் வரும். இடையில் வருபவை மாற்றக் குறிப்புகள். இரண்டாவது, ஒரே படத்துக்குள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கத்தை விட்டுவிடுவார்கள். படத்தைச் சிறு சதுரங்களாக, பழைய முறைகளில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் 64 எண்களையும் கோசைன் அலைகளின் கலவையாக மாற்றி எழுதுவார்கள். பெரும்பான்மை முதல் சில எண்களிலேயே அடங்கிவிடும்; நுண்ணிய அலைகளுக்குரியவற்றைக் குறைத்துவிடலாம். இந்தக் கணக்கைக் கண்டவர்கள் நம் நாட்டார் என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, அவரிடம் ஆராய்ச்சி செய்த நடராஜன், நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை அது. நான்கே பக்கம். இன்று நம் செல்பேசியில் எடுக்கும் படத்துக்கும், டி.வி.யில் பார்க்கும் படத்துக்கும் அந்த நான்கு பக்கம் அடிப்படையாக இருக்கிறது.

இப்போது அருவிக்கு வருவோம். நடனத்தை ஓவியமாகவே எழுதி வழிபடும் சித்திர சபை உள்ள ஊர் குற்றாலம். அசையாத சுவரோவியத்தைச் சுருக்குவது எளிது. ஆனால் விழுகின்ற நீரில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு துளியும் முன்போல இல்லை. 'முன்போலவே' என்று எழுதிவைக்க இடமில்லை. நுரையிலே நுணுக்கமும் மிகுதி. ஆகவே அருவி வரும் விநாடிகளில் கோப்பில் பிட் வெள்ளம் பெருகுகிறது. அந்தப் பென் டிரைவோ, கம்பியில்லா வலையமைப்போ, பிளேயரின் விரிக்கும் கருவியோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. கேமரா பிட் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தாலோ, திணறலுக்குப் பதிலாக நீர் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டங்கள் நான் சொன்ன சதுரங்களே.

திணறலைச் சோதிக்க வேண்டுமானால், வலையமைப்பு வழியாகப் பார்ப்பவர்கள் கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி நேரே செருகிப் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றம் வழியில். சரியாகாவிட்டால் விரிக்கும் கருவியில். எச்.264 என்னும் முறை 2003இல் வந்தது, எச்.265 என்பது 2013இல் வந்தது. புதியது ஏறக்குறையப் பாதி அளவில் அதே தரத்தைத் தரும். ஆனால் விரிப்பதற்கு வேலை அதிகம். அதற்கென்று சில்லுக்குள் தனிச்சுற்று இல்லாத பழைய பிளேயரில் படம் தத்தும், அல்லது ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுத்திருக்கும். அப்படிப்பட்ட கோப்பைக் கணினியில் எச்.264க்கு மாற்றித்தான் தீர வேண்டும். எங்கள் அருவிப்படம் அந்த வகைதான்.

குச்சிபோன்ற சிறு பிளேயர்களைச் சிலர் டி.வி.யின் யூ.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓட்டுகிறார்கள். அத்துளை போதிய மின்னோட்டம் தராவிட்டால், பளு ஏறும் நேரத்தில் பிளேயர் அணைந்து மறுபடி தொடங்கும். கோப்பில் குற்றம் தேடி அலையாமல், அதற்குரிய அடாப்டரைச் சுவரில் செருகினால் சரியாகும்.

செல்பேசியில் படம் எடுக்கும் மாணவர்கள் இன்னொன்றை அறிந்துகொள்ள வேண்டும். எம்.பி.4 கோப்பில் ஒரு பொருளடக்கம் உண்டு. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை அது. பெரும்பாலான கேமராக்கள் பதிவு முடிந்த பிறகே அதைக் கடைசியில் எழுதுகின்றன. நடுவில் பாட்டரி தீர்ந்தாலும், கேமரா நீரில் விழுந்தாலும் அட்டவணை எழுதப்படாமலே போய்விடும். கோப்பின் அளவு பெரிதாகத்தான் இருக்கும், வி.எல்.சி.யும்கூட ஓட்டாது. உள்ளே படம் இருக்கிறது, வழிகாட்டிதான் இல்லை. அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டவணையைத் திரும்பக் கட்ட முயலும் மென்பொருள்கள் இருக்கின்றன. பல சமயம் பலிக்கும். ஆகையால் ஓடாத பெரிய கோப்பை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

எங்கள் கதையில் இன்னும் ஒரு மடை பாக்கி. வந்திருந்தவர்களில் ஒருவருக்குக் காது மந்தம். அவருக்காக மற்றொருவர் அன்றிரவே உட்கார்ந்து ஆசிரியரின் பேச்சைத் தமிழ் எழுத்துரையாகத் தட்டச்சு செய்தார். காலையில் பிளேயரில் போட்டால் தமிழுக்குப் பதிலாகத் தலையில் கீறல் போட்ட ரோமானிய எழுத்துகளும் புரியாத குறிகளும் வரிசை வரிசையாக நின்றன. யூனிகோடில், யு.டி.எஃப். 8 என்னும் முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக எழுதப்படுகிறது. பிளேயர் அதை ஐரோப்பிய மொழி என்று எண்ணி, பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படித்தது. அதனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று மூன்று குப்பைகளாயிற்று. பிளேயரின் அமைப்பில் எழுத்துரையின் குறியீடு யு.டி.எஃப். 8 என்று மாற்றியதும் தமிழ் வந்துவிட்டது. குப்பைக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் வந்தால் அது வேறு நோய். பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். 'கொ' என்பதன் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியே நின்றால், எழுத்துரு இருந்தும் அவற்றைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். பழைய எழுத்துரைக் கோப்புகளில், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியீடுகளும் இருக்கக்கூடும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். அத்தகையவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள மாற்றிகள் உள்ளன.

இவ்வளவும் முடிந்து, மறுநாள் காலை வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, முழு விழாவையும் பெரிய திரையில் பார்த்தோம். நன்றியுரையின் நடுவே, பலகையில் இருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டுகிற இடத்தில், படம் கிழிந்து வெள்ளைக் கோடுகளாக ஓடிற்று. பையன் ரிமோட்டை எடுத்துக்கொண்டு நேரத்தைக் குறித்தான். பிறகு அதே இடத்தை மடிக்கணினியில் பார்த்தான். ஒரு செல்பேசியிலும் போட்டுப் பார்த்தான். மூன்றிலும் அதே விநாடியில் தொடங்கி, பதினோரு விநாடி கழித்து அதே விநாடியில் முடிந்தது.

"அப்படியென்றால் பிளேயர் காரணம் இல்லை, தாத்தா. இது கோப்பிலேயே இருக்கிறது" என்றான்.

கோப்பிலும் அன்று, அதற்கும் மேலே, நாடாவிலேயே. இந்தப் பக்கத்துச் சாரல் ஈரத்தில் பத்துப் பதினோர் ஆண்டு அலமாரியில் கிடந்த நாடாவில் பூசணம் தின்ற இடம் அது. தட்டுக்கு மாற்றியபோதே கோடுகளாகப் பதிந்துவிட்டது. எந்தக் கோடெக்கும் அதை நிரப்பாது. ஆனால் அந்த வகை வீடியோ நாடாவில் படம் நாடாவின் குறுக்கே சாய்கோடுகளாகவும், ஒலி ஓரத்தில் தனி வரியாகவும் பதிவாகும். பூசணம் ஓரத்தைத் தொடவில்லை. அந்தப் பதினோரு விநாடியும் வெள்ளைக் கோடுகளுக்குப் பின்னாலிருந்து, "ஒண்ணைக் கூட்டு... இப்ப வகுத்துப் பாரு, மீதி என்ன வரும்?" என்று அவர் கேட்பது தெளிவாகக் கேட்கிறது.

"ஒன்று" என்று பையன் திரையைப் பார்த்துச் சொன்னான்.